புரதம் இப்போது எங்கே இருக்கிறது? லேபில் ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்க முழுமையான வழிகாட்டி

புரத லேபில் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரும் ஒரு இடத்தில் திகைத்து நிற்பார்கள். ஒரு வாரம் உழைத்து, இரண்டு லிட்டர் பாக்டீரியா வளர்த்து, உடைத்து, வடித்து, கடைசியில் கையில் மிஞ்சுவது அரை மில்லிலிட்டர் திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதற்குள் நாம் தேடிய புரதம் இருக்கிறதா, வேறு ஏதோ இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

இந்த வேலையின் கஷ்டம் முழுக்க அங்கேதான். ஒவ்வொரு படியிலும் நம் கையில் இருப்பது இரண்டாகப் பிரிகிறது. மேலே தெளிந்தது, கீழே படிந்தது. ரெசினில் (புரதத்தைப் பிடித்துவைக்கும் சிறு மணிகளில்) ஒட்டியது, ஒட்டாமல் ஓடியது. புரதம் இரண்டில் ஒன்றில் இருக்கும், சில நேரம் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். "புரதம் இப்போது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு படியிலும் பதில் வைத்துக்கொண்டு நகருங்கள். தவறு நடந்தாலும் எந்தப் படியில் நடந்தது என்று தெரியும், அந்தப் படியை மட்டும் சரிசெய்தால் போதும். பதில் இல்லாமல் நகர்ந்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மிகப் பரவலான வழியை. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த, நீரில் கரையும், ஹிஸ்டிடின் வால் (முனையில் அடுத்தடுத்துச் சேர்த்த ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலம்) வைத்த ஒரு நொதி. சவ்வுக்குள் புதைந்த புரதங்களுக்கும் பாலூட்டி செல்களில் தயாரிப்பவற்றுக்கும் வழி வேறு.

பெஞ்சுக்குப் போகும் முன்

முதலில் உங்கள் புரதத்தின் ஜாதகத்தை எழுதிவிடுங்கள். யூனிப்ராட் தரவுத்தளத்தில் அமினோ அமில வரிசை கிடைக்கும். அதை எக்ஸ்பேசி தளத்தின் ப்ராட்பாரம் கருவியில் ஒட்டினால் மூலக்கூறு எடை, சமமின் புள்ளி, 280 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற எண் எல்லாம் வந்துவிடும். கூடவே மனக்கணக்கும் போட்டுப் பாருங்கள். ஓர் அமினோ அமிலம் சராசரியாக 110 டால்டன். 240 அமினோ அமிலம் உள்ள புரதம் என்றால் சுமார் 26.4 கிலோடால்டன். அதோடு வாலும், பிறகு அதை நீக்க உதவும் வெட்டுமிடமும் சேர்ந்து 20 அமினோ அமிலம் கூடினால் 28.6. இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இனி ஒவ்வொரு ஜெல்லிலும் (புரதங்களை அளவால் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் பலகை) உங்கள் கண் அந்த உயரத்தைத்தான் தேடப்போகிறது.

சமமின் புள்ளி எதற்கு? அந்த பிஹெச்சில் புரதத்தின் மொத்த மின்னேற்றம் பூஜ்யம். ஒன்றையொன்று விலக்கும் விசை குறைந்துவிடுவதால் புரத மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு படிய வாய்ப்பு அதிகம். அதனால் பஃபரின் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பிஹெச்சை அதிலிருந்து ஒரு அலகாவது தள்ளி வையுங்கள்.

சிஸ்டீன்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வெளியில் தெரியும் சிஸ்டீன் இருந்தால் புரதங்கள் கந்தகப் பாலம் போட்டுக் கோத்துக்கொள்ளும், அதைத் தடுக்க ஒரு ஒடுக்கி (கந்தகப் பாலத்தை உடைக்கும் வேதிப்பொருள்) வேண்டும். ட்ரிப்டோஃபானும் டைரோசினும் எத்தனை என்றும் பாருங்கள். இரண்டுமே இல்லாத புரதத்தை 280 நானோமீட்டரில் அளக்க முடியாது, முன்கூட்டியே வேறு வழி யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த வடிவத்தைத் திறந்து பாருங்கள். 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி இந்தக் கணிப்புக்காகவே டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்தது. கருநீலத்தில் வரும் பகுதிகளில் கணிப்பின் மேல் நம்பிக்கை வைக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி அலையும் முனைகள் பெரும்பாலும் உருவமில்லாத பகுதிகள். பாக்டீரியாவின் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) முதலில் கடிப்பது அங்கேதான். அவற்றை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் குளோன் செய்தால் பல நேரம் பிடிவாதமான புரதம்கூட வழிக்கு வரும். வாலை எந்த முனையில் வைப்பது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். உள்ளே புதைந்த முனையில் வைத்த ஹிஸ்டிடின் வால் ரெசினுக்கு எட்டவே எட்டாது.

பாக்டீரியாவிடம் வேலை வாங்குதல்

பெரும்பாலான லேப்களில் கையாள்வது பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலை வகை. இதில் லான், ஓம்ப்டி என்ற இரண்டு புரோட்டியேஸ்கள் இல்லை. டிஇ3 என்பது டி7 வைரஸின் ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணுவைப் பாக்டீரியாவின் குரோமோசோமில் கொண்டுவைத்த துண்டு. ஐபிடிஜி என்ற தூண்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்தப் பாலிமரேஸ் உருவாகும். அது உங்கள் பிளாஸ்மிடில் (உங்கள் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள டி7 ப்ரோமோட்டரை (படியெடுப்பு தொடங்கும் இடம்) மட்டும் தேடிப் பிடித்து, பாக்டீரியாவின் சொந்தப் பாலிமரேஸைவிடப் பல மடங்கு வேகத்தில் படியெடுக்கும். ஸ்டூடியரும் மொஃபட்டும் 1986இல் வெளியிட்ட இந்த ஏற்பாடு இன்றும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாகப் பிளாஸ்மிட் ஏற்றிய தட்டிலிருந்து ஒரு காலனி எடுத்து, ஆன்டிபயாடிக் சேர்த்த சிறு ஊடகத்தில் இரவு முழுக்க வளர விடுங்கள். மறுநாள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பெரிய ஊடகத்தில் சேர்த்து 37 டிகிரியில் குலுக்குங்கள். ஃப்ளாஸ்க்கில் கால் பங்குக்கு மேல் ஊடகம் ஊற்றாதீர்கள், காற்றுப் போதாமல் பாக்டீரியா சோர்ந்துவிடும். 600 நானோமீட்டரில் ஓடி (OD, ஊடகத்தின் கலங்கல் அளவு) 0.6 முதல் 0.8 வரை வந்ததும் ஷேக்கரை 18 டிகிரிக்கு இறக்குங்கள். ஃப்ளாஸ்க் உண்மையிலேயே குளிரும் வரை, ஏறக்குறைய அரை மணி நேரம், பொறுங்கள். அதற்குப் பிறகு 0.2 மில்லிமோலார் ஐபிடிஜி சேர்த்து இரவு முழுக்க விடுங்கள்.

ஏன் குளிர்? 37 டிகிரியில் புரதம் வெள்ளமாக உருவாகும். மடியும் வேகம் உருவாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மடியாத சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகப் படிந்துவிடும். 18 டிகிரியில் குறைவாக உருவானாலும் மடிந்த நிலையில் கிடைக்கும். கொஞ்சமாகக் கிடைத்த நல்ல புரதம், நிறையக் கிடைத்த கட்டியைவிட எவ்வளவோ மேல்.

ஐபிடிஜி சேர்க்கும் முன் ஒரு மில்லிலிட்டர் எடுத்து வையுங்கள். மறுநாள் காலை இன்னொன்று. மறுநாள் பாக்டீரியா பல மடங்கு பெருகியிருக்கும் என்பதால் ஒரே கன அளவு எடுத்தால் ஒப்பிட முடியாது. ஓடி 0.7க்கு ஒரு மில்லிலிட்டர் என்றால் ஓடி 5க்கு 0.14 மில்லிலிட்டர். இந்தக் கணக்கைப் போடாமல் ஜெல் ஓட்டிவிட்டு "எவ்வளவு புரதம் வந்திருக்கிறது!" என்று மகிழ்ந்து ஏமாறுவது மிக எளிது.

முதன்முறையாக ஒரு புரதத்தைச் செய்கிறீர்கள் என்றால் நேரே இரண்டு லிட்டருக்குப் போகாதீர்கள். பத்து பத்து மில்லிலிட்டரில் நான்கைந்து நிலைமைகளைச் சோதியுங்கள். 37 டிகிரியில் மூன்று மணி நேரம், 18 டிகிரியில் ஓர் இரவு, ஐபிடிஜி கூட்டி, ஐபிடிஜி குறைத்து. இதற்கு ஆகும் இரண்டு நாளை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். மாதக்கணக்கில் அலையாமல் காப்பாற்றுவது அதுதான்.

வளர்ந்த பாக்டீரியாவைச் சென்ட்ரிஃப்யூஜில் கீழே இறக்கி, பெல்லட்டின் (அடியில் படிந்த பாக்டீரியா) எடையைக் குறித்து, மைனஸ் 80இல் வைத்துவிடலாம். வார இறுதி வந்தால் நிறுத்த ஏற்ற இடம் இது. மிஞ்சிய ஊடகம் மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியா கலந்தது. ஆட்டோகிளேவ் செய்யாமலோ ப்ளீச் ஊற்றாமலோ தொட்டியில் கொட்டக்கூடாது.

பஃபர்

புதியவர்கள் பஃபரைச் சமையலில் தண்ணீர் மாதிரி நினைக்கிறார்கள். பஃபர்தான் புரதத்துக்கு வீடு. செல்லை உடைத்த நொடியிலிருந்து அதற்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது இது: 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஹெச் 8.0, 300 மில்லிமோலார் உப்பு, 20 மில்லிமோலார் இமிடசோல், நூற்றுக்கு 10 கிளிசரால். உப்பு, புரதங்கள் ரெசினோடும் டிஎன்ஏவோடும் மின்னேற்றத்தால் சும்மா ஒட்டுவதைக் குறைக்கும். கிளிசரால் புரதத்தை நிலையாக வைக்கும். இமிடசோல் எதற்கு என்பதை ரெசின் வரும்போது சொல்கிறேன்.

ட்ரிஸுக்கு ஒரு குணம் உண்டு. வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் அதன் பிஹெச் சுமார் 0.028 ஏறும். 25 டிகிரியில் 8.0 என்று சரிபார்த்த பஃபரைக் குளிர் அறையில் 4 டிகிரியில் வைத்தால் அது 8.6 ஆகிவிடுகிறது. சமமின் புள்ளி 8.5 உள்ள புரதத்தோடு வேலை செய்பவருக்கு இந்த 0.6தான் புரதம் கரைந்திருப்பதற்கும் படிவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பநிலையில் பிஹெச்சைச் சரிசெய்யுங்கள். இல்லை, ஹெபீஸ் என்ற இன்னொரு பஃபருக்கு மாறிவிடுங்கள், அது இவ்வளவு அலையாது.

இமிடசோலும் ஒரு காரம். 300 மில்லிமோலார் இமிடசோலைக் கடைசியில் கொட்டினால் பிஹெச் ஏறிவிடும். சேர்த்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். எல்லா பஃபரையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தேதியும் உங்கள் பெயரும் எழுதி வையுங்கள். பிஎம்எஸ்எஃப் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் தண்ணீரில் சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதால் செல்லை உடைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். நேற்றுச் சேர்த்து வைத்த பிஎம்எஸ்எஃப் இன்று வேலை செய்யாது. அது நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உடைத்தல்

பெல்லட்டை பஃபரில் கட்டியில்லாமல் கலக்கி, லைசோசைம் (பாக்டீரியாவின் செல்சுவரை அரிக்கும் நொதி) சேர்த்து ஐஸில் அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் சோனிகேட்டர், ஒலியலையால் செல்லை உடைக்கும் கருவி. 10 நொடி அடித்து 20 அல்லது 30 நொடி ஓய்வு கொடுங்கள். டியூப் முழுக்க ஐஸில் புதைந்திருக்க வேண்டும். முனை மேலே வந்து நுரை கிளம்பினால் உடனே நிறுத்துங்கள். நுரையில் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து கெட்டுப்போகும். காதுக்கு அடைப்பான் போட மறக்காதீர்கள்.

உடைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? முதலில் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது, போகப்போகக் கருமை கலந்து அரை ஒளிபுகும் நிலைக்கு வரும். பிப்பெட்டில் உறிஞ்சிச் சொட்டவிட்டுப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் டிஎன்ஏ இன்னும் அறுபடவில்லை. கொஞ்சம் மக்னீசியமும் டிஎன்ஏஸும் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) சேர்த்தால் பத்து நிமிடத்தில் தண்ணீராகிவிடும்.

இதிலிருந்து 20 மைக்ரோலிட்டர் எடுத்து "மொத்தம்" என்று எழுதி வையுங்கள். மீதியை 4 டிகிரியில் 20,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கு விசையில்) 40 நிமிடம் சுழற்றுங்கள். மேலே தெளிந்ததிலிருந்து 20 மைக்ரோலிட்டர், "கரைந்தது". கீழே உள்ள வண்டலை அதே கன அளவு பஃபரில் கலக்கி 20 மைக்ரோலிட்டர், "வண்டல்". வண்டலைத் தூக்கிப் போடாதீர்கள். அதை ஏன் வைத்திருக்கச் சொல்கிறேன் என்று கீழே தெரியும்.

நிக்கல் ரெசின்

ரெசின் நிரப்பிய குழலை லேபில் "காலம்" (column) என்றுதான் சொல்வோம். எழுதும்போது நேரத்தோடு குழம்பும் என்பதால் இங்கே ரெசின் குழல் என்கிறேன். குழலுக்குள் இருக்கும் மணிகளில் நிக்கல் அயனி பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலியில் உள்ள இமிடசோல் வளையம் நிக்கலோடு பிணையும். ஆறு ஹிஸ்டிடின் அடுத்தடுத்து வந்தால் பிடி இறுகும். பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஹிஸ்டிடின் இருப்பதால் அவையும் கொஞ்சம் தொற்றிக்கொள்ளும். பஃபரில் 20 மில்லிமோலார் இமிடசோல் இருந்தால் அந்த அரைகுறைப் பிடிகளை அதுவே போட்டிபோட்டு விடுவித்துவிடும். 300 மில்லிமோலார் ஊற்றினால் ஆறு ஹிஸ்டிடினும் பிடியை விட்டுவிடும். ஒரே மூலக்கூறு, அளவை மாற்றினால் இரண்டு வேலை. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அழகாகவே தெரிகிறது.

ரெசினைத் தண்ணீரிலும் பிறகு பஃபரிலும் கழுவுங்கள். தெளிந்த கரைசலை மெதுவாக ஓடவிடுங்கள். கீழே விழுவதை முழுக்கப் பிடித்து வையுங்கள். இதுதான் "ஒட்டாதது". பிறகு ரெசினின் கன அளவைப் போலப் பத்து, இருபது மடங்கு பஃபரில் கழுவுங்கள். 30, 40 மில்லிமோலார் இமிடசோலில் இன்னொரு கழுவல். கடைசியில் 300 மில்லிமோலார் இமிடசோலில் புரதத்தை இறக்கி, ஒவ்வொரு மில்லிலிட்டராகத் தனித்தனி டியூப்பில் சேகரியுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணிடுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்து மூன்றாவது மாதம். இரண்டு லிட்டர் வளர்த்த பெல்லட். அலமாரியில் "உடைப்பு பஃபர்" என்று எழுதிய பாட்டில் இருந்தது, அவசரத்தில் அதையே எடுத்துக்கொண்டேன். ஒட்டாதது எல்லாம் தொட்டியில் போயிற்று. ரெசினிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஒரு டியூப்பிலும் எதுவுமில்லை. நீலமாக இருக்க வேண்டிய ரெசின் வெள்ளையாகக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த பஃபர் வேறொரு புரதத்துக்காகச் செய்தது, அதில் ஈடிடிஏ இருந்தது. ஈடிடிஏ நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, பிடிக்க ஆளில்லாமல் புரதம் முழுக்க ஓடிவிட்டது. அதில் எனக்கு வலித்தது பஃபரைப் பார்க்காதது அல்ல. ஒட்டாததை வைத்திருந்தால் ஈடிடிஏவை டயாலிசிஸில் (சிறு மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும் பையில் வைத்து) நீக்கி, ரெசினில் மறுபடி நிக்கல் ஏற்றி, அன்று மாலைக்குள் புரதத்தை மீட்டிருக்கலாம். இரண்டு லிட்டர் புரதத்தையும் என் கையாலேயே ஊற்றிவிட்டேன்.

ஆகவே லேபில் நான் கேட்டுக்கொள்ளும் ஒரே விதி இது. ஜெல்லைப் பார்க்கும் வரை எதையும் கொட்டாதீர்கள்.

ரெசினின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளிர்நீலம் சரி. வெளுத்தால் நிக்கல் போய்விட்டது. பழுப்பானால் டிடிடி மாதிரி ஒடுக்கி நிக்கலைத் தாக்கியிருக்கிறது. ஒடுக்கி கட்டாயம் தேவை என்றால் டிசிஇபி குறைந்த அளவில் போடுங்கள்.

ஜெல் என்ற கண்

லெம்லி 1970இல் வெளியிட்ட எஸ்டிஎஸ் ஜெல் முறையைத்தான் இன்றும் ஓட்டுகிறோம். எஸ்டிஎஸ் ஒரு சோப்பு மாதிரியான பொருள். அது புரதத்தை விரித்து, அதன் நீளத்துக்கு ஏற்றபடி எதிர் மின்னேற்றத்தைப் பூசிவிடும். அதன்பின் புரதங்கள் ஏறக்குறைய அளவை வைத்தே பிரியும். 28 கிலோடால்டனுக்கு 12 அல்லது 15 சதவீத ஜெல் சரியாக இருக்கும். ஜெல்லை நீங்களே ஊற்றினால், உறையாத அக்ரிலமைட் நரம்புகளைப் பாதிக்கும் நச்சு என்பதை மறக்காதீர்கள். கையுறை கட்டாயம்.

எடுத்துவைத்த மாதிரிகளில் சாயம் கலந்து 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி, வேலை நடந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். ஐபிடிஜிக்கு முன், பின், மொத்தம், கரைந்தது, வண்டல், ஒட்டாதது, கழுவல், பிறகு இறக்கிய டியூப்கள். முதல் குழியில் லேடர் (எடை தெரிந்த புரதங்களின் கலவை). கதை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பஃபரில் பொட்டாசியமோ குவானிடினோ இருந்தால் எஸ்டிஎஸ் வெள்ளையாகத் திரிந்துவிடும், அந்த மாதிரிகளை முதலில் டயாலிசிஸ் செய்யுங்கள்.

கூமாசி நீலத்தில் கறையேற்றி, நிறம் நீக்கி, வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு ஜெல்லின் முன் பதினைந்து நிமிடம் உட்காரலாம், தகும்.

"பின்" குழியில் 28 கிலோடால்டனில் தடித்த பட்டை, "முன்" குழியில் இல்லை என்றால் பாக்டீரியா தன் வேலையைச் செய்துவிட்டது. பட்டை இரண்டிலும் ஒரே மாதிரி மெலிதாக இருந்தால் ரெசினைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஸ்மிடை வரிசைப்படுத்திப் பாருங்கள், கோடான்களைப் பாருங்கள், புதிய காலனி எடுங்கள்.

பட்டை "மொத்தம்" குழியில் இருக்கிறது, "கரைந்தது" குழியில் இல்லை, "வண்டல்" குழியில் இருக்கிறது என்றால் புரதம் மடியாமல் கட்டியாகிவிட்டது. வெப்பநிலையை இன்னும் இறக்குங்கள், ஐபிடிஜியை 0.1க்குக் குறையுங்கள், அல்லது எம்பிபி, சுமோ மாதிரிக் கரையவைக்கும் துணைப்புரதத்தோடு இணைத்துத் தயாரியுங்கள். ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் செல் சரியாக உடையாததாலும் புரதம் வண்டலில் தங்கும். அப்போது பாக்டீரியாவின் மற்றப் புரதங்களும் சேர்ந்து வண்டலில் நிறைந்து தெரியும். கட்டியானது என்றால் பெரும்பாலும் நம் பட்டை மட்டும் தனித்துத் தடித்து நிற்கும். யூரியாவில் விரித்து மறுபடி மடிக்கவும் முடியும். கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ரிபோநியூக்ளியேஸை விரித்து, அது தானாகவே திரும்ப மடிந்து வேலை செய்வதைக் காட்டினார், 1972இல் நோபல் பெற்றார். எல்லாப் புரதமும் ரிபோநியூக்ளியேஸ் அளவுக்கு ஒத்துழைக்காது என்பதால் இந்த வழியைக் கடைசியில் வையுங்கள்.

பட்டை "ஒட்டாதது" குழியில் இருந்தால் மூன்று சந்தேகம். நிக்கல் போய்விட்டதா? ரெசினின் கொள்ளளவு நிரம்பிவிட்டதா? வால் புதைந்திருக்கிறதா? அதே கரைசலைப் புதிய ரெசினில் மறுபடி ஓட்டுங்கள். அப்போது பிடித்தால் முதல் இரண்டில் ஒன்று. பிடிக்காவிட்டால் வாலை மறுமுனைக்கு மாற்றுவதுதான் வழி. முனையில் வெட்டுப்பட்டு வாலே போயிருக்கவும் கூடும், அப்போது பட்டை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கீழே நிற்கும்.

இறக்கிய டியூப்களில் நம் பட்டையோடு சுமார் 25 கிலோடால்டனிலும் 70ஐ ஒட்டியும் மெல்லிய பட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் ஸ்லைடி, ஆர்ன்ஏ என்ற ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள், நிக்கல் ரெசினில் எல்லோரையும் தொந்தரவு செய்பவை. அடுத்த படியில் போகும்.

வால் வெட்டுதல், அளவால் பிரித்தல்

வாலுக்கும் புரதத்துக்கும் நடுவில் டெவ் புரோட்டியேஸ் (குறிப்பிட்ட ஒரு வரிசையில் மட்டும் வெட்டும் நொதி) வெட்டுமிடம் வைத்திருந்தால் அந்தப் புரோட்டியேஸைச் சேர்த்து, டயாலிசிஸ் பையில் 4 டிகிரியில் ஓர் இரவு விடுங்கள். இமிடசோலும் வெளியேறும், வாலும் வெட்டுப்படும். மறுநாள் அதே நிக்கல் ரெசினில் மறுபடி ஓட்டுங்கள். இப்போது கதை தலைகீழ். வாலில்லாத நம் புரதம் ஒட்டாமல் ஓடும். வால், ஹிஸ்டிடின் வைத்த டெவ், ஸ்லைடி எல்லாம் ரெசினில் தங்கும். புரதம் எங்கே என்ற கேள்விக்குப் பழக்கத்தில் தவறான பதில் சொல்ல வைக்கும் படி இது. இந்த முறை வேண்டியது கடந்து ஓடுவதில் இருக்கிறது.

கடைசியாக ஜெல் வடிப்புக் குழல். இதன் மணிகளில் நுண்துளைகள் உண்டு. சிறிய புரதம் துளைகளுக்குள் நுழைந்து சுற்றி வரும், தாமதமாகும். பெரியது நுழைய முடியாமல் முந்தி வரும். 26 கிலோடால்டனுக்கு சூப்பர்டெக்ஸ் 75 பொருந்தும். 24 மில்லிலிட்டர் குழலில் அரை மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள், சிகரங்கள் அகன்று கலந்துவிடும். ஏற்றும் முன் கரைசலைச் சுழற்றித் தூசியையும் துகளையும் இறக்கிவிடுங்கள்.

8 மில்லிலிட்டர் அருகே, முதல் ஆளாக ஒரு கூர்மையான சிகரம் வந்தால் அது கட்டிபிடித்த புரதம். உயரமாக இருக்கிறதே என்று அதைச் சேகரிக்காதீர்கள். நம் அளவுக்கு உரிய இடத்தில் இருபக்கமும் சமமாக வரும் சிகரம்தான் வேண்டியது. அதன் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரங்களை விடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். விடுங்கள்.

எவ்வளவு இருக்கிறது?

ஒளியை உறிஞ்சும் எண் ட்ரிப்டோஃபான் ஒன்றுக்கு 5,500, டைரோசின் ஒன்றுக்கு 1,490. இதுதான் 280 நானோமீட்டர் கணக்கின் அடிப்படை. நம் எடுத்துக்காட்டுப் புரதத்தில் வாலோடு 3 ட்ரிப்டோஃபான், 8 டைரோசின் என்று வைத்துக்கொள்வோம். டெவ் வெட்டும் வரிசையிலேயே ஒரு டைரோசின் உண்டு, வெட்டிய பின் அது போய்விடும். ஆகவே 3 ட்ரிப்டோஃபானுக்கு 16,500, 7 டைரோசினுக்கு 10,430, மொத்தம் 26,930. எடை 26,400ஆல் வகுத்தால் 1.02. அதாவது மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் கருவி 1.02 காட்டும். பத்து மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது 0.51 வந்தால் உண்மையில் 5.1, மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம், சுமார் 190 மைக்ரோமோலார். வால் வெட்டிய பிறகும் பழைய எண்ணையே போட்டுக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பூஜ்யம் வைக்கத் தண்ணீர் போதாது, அதே பஃபர் வேண்டும். இமிடசோலும் பழையதான டிடிடியும் 280இல் ஒளியை உறிஞ்சும். 260க்கும் 280க்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். சுத்தமான புரதத்துக்கு அது 0.6 அளவில் இருக்கும். 1ஐத் தாண்டினால் டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, உங்கள் 5 மில்லிகிராமில் ஒரு பங்கு புரதமே இல்லை.

வேலை செய்கிறதா?

ஜெல்லில் ஒரே பட்டை என்பது புரதம் சுத்தம் என்று மட்டும்தான் சொல்கிறது. உயிர்ப்போடு இருக்கிறதா என்று சொல்லாது. ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாளவரை விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாக எடுத்து, நொதி என்பது புரதமே என்றார். அன்றைய பெரிய வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. அவர் கையில் இருந்த பலமான சான்று, அந்தப் படிகங்களைக் கரைத்தால் அவை யூரியாவைச் சிதைத்தன என்பது. நோபல் வர 1946 ஆயிற்று. நம் டியூப்பிலும் சான்று அதேதான், வினை நடக்க வேண்டும்.

நொதியின் வேகத்தை அளக்கும்போது தொடக்க வேகத்தை மட்டும் எடுங்கள். மூலப்பொருளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டால் கோடு வளைந்துவிடும், அந்த எண் பயன்படாது. மைக்கேலிஸ்–மென்டன் வளைகோட்டுக்கு (மூலப்பொருளின் அளவோடு வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டுவது), எதிர்பார்க்கும் கேஎம் (உச்ச வேகத்தில் பாதி வரும் மூலப்பொருள் அளவு) மதிப்பின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை மூலப்பொருளின் அளவுகளைப் பரப்புங்கள். நொதியை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகிறதா என்று முதலில் பாருங்கள். ஆகவில்லை என்றால் நீங்கள் அளப்பது வேறு எதையோ. வினைபுரியும் அமினோ அமிலத்தை மாற்றிச் செயலிழக்கச் செய்த வகையையும் இதே முறையில் சுத்திகரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வேகம் தெரிந்தால் அது ஈ.கோலையின் நொதி, உங்களுடையதல்ல.

உறையவைத்தல்

ஒரு முறைக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவாக, 20 அல்லது 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, நூற்றுக்கு 10 கிளிசராலோடு திரவ நைட்ரஜனில் விட்டு உடனே உறையவைத்து மைனஸ் 80க்கு மாற்றுங்கள். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் வளர வளர, மிஞ்சும் நீரில் உப்பும் புரதமும் செறிந்து புரதம் கெடும். சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது பிஹெச் சரசரவென்று இறங்கும், அதில் உறையவைக்காதீர்கள். திரவ நைட்ரஜனை மூடிய சிறு அறையில் கையாளக்கூடாது, ஆவியாகி ஆக்சிஜனை இடம்பெயர்த்துவிடும். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

மறுநாள் ஒரு டியூப்பை எடுத்து ஐஸில் உருக்கி, சுழற்றி, 280ஐயும் நொதி வேகத்தையும் உறையாத புரதத்தோடு ஒப்பிட்டு, இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு டியூப்பின் மூடியிலும் புரதத்தின் பெயர், வால் உண்டா இல்லையா, செறிவு, பஃபர் எண், தேதி, உங்கள் பெயரெழுத்து. ஆல்கஹாலில் அழியாத பேனாவில்.